போகும்போது தவறு, திரும்பும்போது சரி: உயர அறிவிப்புக் கருவியைச் சோதித்துத் தந்த பட்டறை பற்றி

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 அடி உயரத்தில் இருக்கும் ஒரு சிறிய விமான நிலையத்தில், நானும் என் நண்பரும் சேர்ந்து வாங்கிய பழைய செஸ்னா 172 நிற்கிறது. அந்த நிலையத்திலேயே இருவர் மட்டும் நடத்தும் ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) பட்டறை ஒன்று உண்டு. எங்கள் விமானத்தின் உயர அறிவிப்புக் கருவியை அங்கே கொடுத்துச் சோதித்துச் சரிசெய்து வாங்கியதைப் பற்றிய மதிப்புரை இது. சிறு விமானம் வைத்திருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டிக் கையெழுத்து வாங்கும் ஒரு வேலை எவ்வளவு கவனமாகச் செய்யப்பட வேண்டியது என்பதை நான் இங்கேதான் கண்ணால் பார்த்தேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் விமானத்தில் இருப்பது கே.டி. 76ஏ டிரான்ஸ்பாண்டர். தரையிலுள்ள இரண்டாம் நிலை ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் கேள்விக்கு அது 1090 மெகாஹெர்ட்ஸில் விடை சொல்கிறது. நான்கு இலக்க அடையாள எண்ணோடு உயரத்தையும் அனுப்ப வேண்டுமானால், அந்த உயரத்தை அதற்கு எடுத்துக் கொடுக்க வேறொரு கருவி வேண்டும். அதுதான் கருவிப்பலகைக்குப் பின்னால் கண்ணில் படாமல் இருக்கும் என்கோடர். முகப்பும் முள்ளும் இல்லாததால் அதைக் குருட்டு என்கோடர் என்றே சொல்வார்கள். விமானிக்கு உயரம் காட்டும் ஆல்டிமீட்டருக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுபோகும் அதே ஸ்டாடிக் குழாயிலிருந்து அது காற்றழுத்தத்தை எடுத்துக்கொண்டு, 29.92 அங்குலப் பாதரசம் என்ற நிலையான அளவை அடிப்படையாக வைத்து உயரத்தைக் கணக்கிட்டு, நூறு அடிக்கு ஒரு படியாக டிரான்ஸ்பாண்டருக்குக் கொடுக்கிறது. விமானி ஆல்டிமீட்டரின் குமிழைத் திருகி அன்றைய அழுத்தத்தை வைத்தால் என்கோடர் அனுப்பும் எண்ணும் மாறும் என்று பலர் நம்புகிறார்கள்; அது மாறாது. உள்ளூர் அழுத்தத்துக்கான திருத்தத்தைத் தரையிலுள்ள ரேடார்க் கணினிதான் சேர்த்துக்கொள்கிறது. எங்களுடையது போன்ற பழைய டிரான்ஸ்பாண்டர், தான் என்ன உயரத்தை அனுப்புகிறது என்பதை விமானிக்குக் காட்டுவதுமில்லை. நாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது நமக்கே தெரியாது. கீழே திரையைப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.

சிக்கல் தொடங்கியது ஒரு சனிக்கிழமை. பள்ளத்தாக்கின் ஊடே பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கமாகத் தென்கிழக்கே 3,500 அடியில் போய்க்கொண்டிருந்தேன். ஆல்டிமீட்டரில் வைத்திருந்த அழுத்தம் 30.02. தரையில் ரேடார்த் திரையைப் பார்த்து விமானங்களை வழிநடத்தும் அப்ரோச் கட்டுப்பாட்டாளர் என் உயரத்தைக் கேட்டார். சொன்னேன். தன் திரையில் 300 அடி வேறுபடுவதாகவும், உயரம் அனுப்புவதை நிறுத்தும்படியும் கேட்டுக்கொண்டார். குமிழை ‘ஆல்ட்’ என்ற இடத்திலிருந்து ‘ஆன்’ என்ற இடத்துக்குத் திருப்பினேன். மாலையில் 4,500 அடியில் திரும்பி வரும்போது மீண்டும் ‘ஆல்ட்’டில் வைத்துக் கேட்டேன், உயரம் சரியாகவே தெரிகிறது என்றார்கள். அடுத்த வாரமும் அதே கதை: போகும்போது 5,500 அடியில் தவறு, திரும்பும்போது 6,500 அடியில் சரி. தென்கிழக்கே போனால் பொய் சொல்லி, வடமேற்கே வந்தால் உண்மை பேசும் கருவியை என்னவென்று புரிந்துகொள்வது?

முதலில் வேறோர் ஊரிலுள்ள ஒரு பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். அதன் பெயர் இங்கு வேண்டாம். விமானத்தை வெளியில் நிறுத்தி, கையடக்கச் சோதனைக் கருவியை டிரான்ஸ்பாண்டரின் ஆன்டெனாவுக்கு நேரே நீட்டினார்கள். அந்த ஊரும் 400 அடி உயரம்தான். திரையிலும் 400 அடி என்றே வந்தது. “உங்கள் கருவி சரியாகத்தான் இருக்கிறது, கட்டுப்பாட்டாளரின் பக்கம்தான் ஏதோ கோளாறு” என்று சொல்லி 120 டாலர் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பயணத்தில் 3,500 அடியில் மறுபடியும் அதே 300 அடி வேறுபாடு. பணம் போனதைவிட, தவறில்லாத ஒருவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நானும் அதை நம்பி ஒரு வாரம் பறந்தேன் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அதன்பிறகு எங்கள் நிலையத்துப் பட்டறைக்கே வந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. மூத்தவர் என்னைப் பேசவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார். எந்தெந்த உயரத்தில் சரி, எதில் தவறு, அன்றைய அழுத்தம் என்ன என்று ஒவ்வொன்றையும் ஒரு மஞ்சள் தாளில் எழுதிக்கொண்டார். “நீங்கள் போகும் திசைக்கும் இதற்கும் தொடர்பில்லை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் உயரத்துக்கும் இதற்கும்தான் தொடர்பு” என்றார். கண்பார்வை விதிகளின்படி பறக்கும்போது, தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல், கிழக்குப் பாதியை நோக்கிப் போகிறவர்கள் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 அடியும், மேற்குப் பாதியை நோக்கிப் போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 அடியும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த விதியைத்தான் நான் திசையோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

என்கோடரைத் தொடுவதற்கு முன்பு குழாயைச் சோதித்தார்கள். விமானத்தின் இடப்பக்கத்திலுள்ள ஸ்டாடிக் துளையிலும் இறக்கைக்குக் கீழே வேகத்தை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் பிடோட் குழாயிலும், அழுத்தத்தை மாற்றி வேண்டிய உயரத்தை உண்டாக்கும் சோதனைப் பெட்டியின் குழாய்களை இணைத்து, ஆல்டிமீட்டர் நிலையத்தின் உயரத்தைவிட 1,000 அடி கூடுதலாகக் காட்டும் வரை காற்றை உறிஞ்சி, பிறகு அடைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக்கூடாது என்பது அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி. எங்களுடையது 160 அடி இறங்கியது. துளை அடைபட்டால் பயன்படும் மாற்று ஸ்டாடிக் வால்வில் மாட்டியிருந்த ரப்பர்க் குழாயின் நுனி இறுகி வெடித்திருந்தது. அந்த நுனியை வெட்டிப் புதிதாகப் பொருத்தியதும் இழப்பு 20 அடிக்கு வந்தது.

இங்கே மூத்தவர் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. பறக்கும்போது விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் பெரும்பாலும் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். குழாயில் கசிவு இருந்தால் அந்தக் குறைந்த அழுத்தம் உள்ளே புகுந்து உயரத்தைக் கூட்டிக் காட்டும். ஆல்டிமீட்டருக்கும் என்கோடருக்கும் ஒரே குழாய் என்பதால் இரண்டும் ஒன்றுபோலவே தவறும். இரண்டும் ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர், இரண்டும் சேர்ந்து செய்யும் தவறைக் கண்டுபிடிக்கவே முடியாது.

பிறகு ஆல்டிமீட்டர். விதியில் உள்ள அட்டவணைப்படி, கடல்மட்டத்தில் 20 அடிவரையும், 4,000 அடியில் 35 அடிவரையும், 10,000 அடியில் 80 அடிவரையும் பிழை அனுமதிக்கப்படுகிறது. எஞ்சின் ஓடாமல் விமானம் அசையாதிருக்கும்போது முள் சிக்கிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு படியிலும் உதவியாளர் கருவிப்பலகையை விரல்நுனியால் மெல்லத் தட்டிவிட்டு அளவைப் படித்தார். எங்கள் ஆல்டிமீட்டர் எல்லாப் படிகளிலும் எல்லைக்குள் இருந்தது. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதாக வந்ததுதான் நான் தேடி வந்த வேலை. என்கோடர் சூடாகி நிலைப்பதற்குச் சில நிமிடம் விட்டார்கள். விமானத்தின் வயிற்றுப் பகுதியிலுள்ள ஆன்டெனாவின் மேல் ஒரு கவசத்தை மாட்டினார்கள். தரையில் நிற்கும் விமானம் தான் 10,000 அடியில் இருப்பதாக வெளியே விடை சொல்லிவிட்டால், மேலே போகும் பயணிகள் விமானத்தின் மோதல் தடுப்புக் கருவி இல்லாத விமானத்தைக் கண்டு எச்சரிக்கை எழுப்பக்கூடும். நான் கேட்காமலே இதை விளக்கிச் சொன்னார்கள். பிறகு மூத்தவர் பெட்டியில் 500 அடிப் படிகளாக உயரத்தை ஏற்ற, உதவியாளர் சோதனைக் கருவியின் திரையில் வந்த எண்ணைச் சத்தமாகப் படித்தார். 500-க்கு 500. 1,000-க்கு 1,000. 1,500-க்கு 1,000. மூத்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். 2,000-க்கு 2,500. 2,500-க்கும் 3,000-க்கும் சரியாக வந்தது. 3,500-க்கு 3,000, 4,000-க்கு 4,500. அதற்குமேல் 4,500-உம் 5,000-உம் மீண்டும் சரி. அவர் பென்சிலை வைத்துவிட்டு, “பி4” என்றார்.

அது என்னவென்று கேட்டேன். மஞ்சள் தாளைத் திருப்பிப் போட்டுப் பத்து நிமிடம் விளக்கினார். என்கோடரிலிருந்து டிரான்ஸ்பாண்டருக்கு உயரம் ஒரே வயரில் போவதில்லை. ஏ1, ஏ2, ஏ4, பி1, பி2, பி4, சி1, சி2, சி4 எனத் தனித்தனி வயர்களில், ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்ற அளவில் மட்டும் போகிறது. ‘சி’ வயர்கள் நூறு அடிப் படிகளையும், மற்றவை ஐந்நூறு அடிப் படிகளையும் குறிக்கும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது ஒரே ஒரு வயர் மட்டுமே மாறும்படி இந்தக் குறிமுறை அமைக்கப்பட்டுள்ளது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் கிரே 1953-இல் காப்புரிமை பெற்ற எண்முறைதான் இதற்கு அடிப்படை. இரண்டு வயர்கள் ஒரே நேரத்தில் மாற வேண்டியிருந்தால், ஒன்று முந்தி ஒன்று பிந்தும் அந்த நொடியில் தவறான உயரம் போய்விடும். ஒன்றே மாறினால் அந்த ஆபத்து இல்லை.

ஐந்நூறு அடிப் படிகளில் அடிக்கடி மாறும் கடைசி வயர் பி4. அது அறுந்துவிட்டால், அது ‘உண்டு’ என்று சொல்ல வேண்டிய இடமெல்லாம் ‘இல்லை’ என்று போகும். அதனால் ஏறத்தாழ ஓர் ஆயிரம் அடி சரியாகவும், அடுத்த ஆயிரம் அடி தவறாகவும் மாறி மாறி வரும். 300 முதல் 1,200 வரை சரி. 1,300 முதல் 2,200 வரை தவறு. 2,300 முதல் 3,200 வரை சரி. 3,300 முதல் 4,200 வரை தவறு. தரையில் 400 அடியில் முதல் பட்டறைக்காரர்கள் பார்த்தபோது ஏன் சரியாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அவர்கள் பார்த்த அந்த ஒரே இடம், வயர் அறுந்திருந்தாலும் சரியாகவே வரும் இடம்.

என் வேண்டுகோளுக்காக 3,300 அடியிலிருந்து நூறு நூறாக ஏற்றிக் காட்டினார். 3,300-க்கு 3,200 வந்தது, 3,400-க்கு 3,100, 3,500-க்கு 3,000, 3,600-க்கு 2,900, 3,700-க்கு 2,800. பெட்டியில் உயரம் ஏற ஏற, திரையில் உயரம் இறங்கிக்கொண்டே போனது. 3,800-க்கு வந்ததும் திரையில் 4,700 என்று பாய்ந்தது. என் பயணக் குறிப்பைப் பார்த்தேன்: ஆல்டிமீட்டரில் 3,500, அழுத்தம் 30.02, அப்படியானால் 29.92 கணக்கில் ஏறத்தாழ 3,400. அதற்கு எங்கள் கருவி சொன்னது 3,100. கட்டுப்பாட்டாளர் சொன்ன அதே 300 அடி. அவர் ஒரு அடிகூடத் தவறாகச் சொல்லவில்லை.

ஏறும் விமானம் இறங்குவதாகத் திரையில் தெரிவது எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. 1986 ஆகஸ்ட் 31 அன்று இதே கலிஃபோர்னியாவில், செரிட்டோஸ் நகருக்கு மேலே, ஒரு பயணிகள் ஜெட் விமானமும் ஒரு சிறிய பைப்பர் விமானமும் மோதி, இரண்டிலும் இருந்தவர்களும் தரையில் இருந்த 15 பேருமாக 82 பேர் இறந்தார்கள். அந்தப் பைப்பரின் டிரான்ஸ்பாண்டரில் உயரம் அனுப்பும் வசதியே இல்லை. பெரிய விமான நிலையங்களைச் சுற்றிச் சிறு விமானங்களும் உயரத்தை அறிவித்தாக வேண்டும் என்ற விதி இறுகியது அதன்பிறகுதான். அறிவிக்கும் உயரம் தவறாக இருந்தால், அந்த விதிக்காகக் கொடுத்த விலைக்கு என்ன பொருள்?

வயரைக் கண்டுபிடித்த விதம் பார்க்க வேண்டிய ஒன்று. டிரான்ஸ்பாண்டரை அதன் தட்டிலிருந்து உருவியெடுத்து, பின்புறக் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்தார்கள். பி4 வயர் பார்வைக்கு முழுசாகவே இருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் மின்தொடர்பு இல்லை. உதவியாளர் வயரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்ததும், கனெக்டரின் பின்னுக்கு அரை அங்குலம் முன்னால் பிளாஸ்டிக் உறை மட்டும் ரப்பர்போல நீண்டு மெலிந்தது. உள்ளே செம்பு அறுந்துபோய், உறை மட்டும் இரண்டு முனைகளையும் தாங்கிக்கொண்டிருந்தது. வயர்க்கட்டைத் தாங்கக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து, ஆண்டுக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து அந்த இடத்தில் முறிந்திருக்கிறது. புதிய பின் போட்டு, மற்ற வயர்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, கட்டைப் புதிதாகக் கட்டினார்கள்.

உயர அறிவிப்பு அமைப்பில் கைவைத்தால் முழு அமைப்பையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்பது விதி. ஸ்டாடிக் குழாயைத் திறந்து மூடினாலும் அப்படியே. இரண்டையும் செய்தார்கள். தரையிலிருந்து 10,000 அடிவரை ஏற்றி, இறக்கியும் பார்த்தார்கள். டிரான்ஸ்பாண்டர் சொல்லும் உயரத்துக்கும் ஆல்டிமீட்டர் காட்டுவதற்கும் 125 அடிக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது. எங்களுக்கு வந்த மிகப்பெரிய வேறுபாடு 70 அடி. விடையின் அலைவரிசை 1090-க்கு மேலோ கீழோ 3 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கிறதா என்பதையும், விடையின் வலிமையையும், கேள்வியை வாங்கும் திறனையும் அளந்து எழுதினார்கள்.

கடைசியாக, ஸ்டாடிக் துளையைச் சுற்றி ஒட்டியிருந்த ஆரஞ்சு நிற டேப்பை என் முன்னாலேயே பிரித்து, துளையைத் துணியால் துடைத்து, என் கண்ணால் பார்க்கச் சொன்னார்கள். 1996 அக்டோபரில் பெரு நாட்டின் லிமாவிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 757, சுத்தம் செய்வதற்காக ஸ்டாடிக் துளைகளின் மேல் ஒட்டிய டேப் பிரிக்கப்படாமல் போனதால் உயரமும் வேகமும் தெரியாமல் கடலில் விழுந்து, அதிலிருந்த 70 பேரும் இறந்தார்கள். அந்த நினைவில்தான் உரிமையாளரை அழைத்துக் காட்டும் வழக்கத்தை வைத்திருப்பதாக மூத்தவர் சொன்னார்.

செலவு: சோதனைக்கு 350 டாலர், வயர் வேலைக்கு இரண்டு மணிநேரக் கூலி 220, குழாய்க்கும் சில்லறைப் பொருள்களுக்கும் 15, மொத்தம் 585. இந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதிய டிரான்ஸ்பாண்டரே வாங்கிவிடலாமா என்று கேட்டேன். பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பி, சி வகை வான்பகுதிகளுக்குள் போக விரும்பினால், விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்-பி கருவி 2020 முதல் கட்டாயம், அப்போது மாற்றுங்கள். இப்போது போல அவற்றைத் தவிர்த்தே பறப்பதானால் இது போதும் என்றார் மூத்தவர். விற்கக்கூடிய ஒன்றை விற்காமல் விட்ட அந்தப் பதிலுக்காகவும் இவர்களிடம் எனக்கு மதிப்பு.

குறைகளும் உண்டு. மூன்று வாரக் காத்திருப்பு நீளம். பறக்கும் பருவத்தில் இன்னும் கூடும் என்கிறார்கள். தொலைபேசியை எடுப்பதே இல்லை. நேரில் போனால்தான் நாள் குறிப்பார்கள். அரை நாளில் முடியும் என்று சொன்ன வேலை மாலை ஐந்து மணிவரை இழுத்தது, அதைப் பாதியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அளவுகள் எழுதிய தாள் கையெழுத்தில் இருக்கிறது. 1-க்கும் 7-க்கும் வேறுபாடு தெரியாத இரண்டு இடங்களை நான் திருப்பிக் கேட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது. இவ்வளவு கவனமாக அளக்கிறவர்கள் அதைத் தட்டச்சு செய்து தருவது நல்லது.

இவர்களிடம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லாக் புக்கில் ஒட்டும் சிறிய சீட்டோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு படியிலும் வந்த அளவுகள் அடங்கிய முழுத் தாளையும் கேட்டு வாங்குங்கள்; கேட்டால் தயங்காமல் தருகிறார்கள். ஏர்ஃபிரேம் மெக்கானிக் செய்யலாம் என்று விதி அனுமதிப்பது குழாய்க் கசிவுச் சோதனையை மட்டுமே. ஆல்டிமீட்டரையும் டிரான்ஸ்பாண்டரையும் சோதிக்க, அதற்கான கருவிகளும் எஃப்.ஏ.ஏ. சான்றும் பெற்ற இத்தகைய பட்டறை வேண்டும். சோதனை செல்லுபடியாவது 24 நாட்காட்டி மாதங்கள். மாத இறுதிவரை கணக்கு என்பதால், மாதத் தொடக்கத்தில் செய்து கொள்பவருக்குச் சில வாரங்கள் கூடுதலாகக் கிடைக்கும்.

ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம் தருகிறேன். அந்த அரை, தொலைபேசிக்கும் கையெழுத்துக்கும். வேலை முடிந்த மறு ஞாயிறு மீண்டும் தென்கிழக்கே 3,500 அடியில் பறந்தேன். உயரம் எப்படித் தெரிகிறது என்று நானாகவே கேட்டேன். கட்டுப்பாட்டாளர், “3,500, சரியாக இருக்கிறது” என்றார். 3,300-லிருந்து 4,200 வரை மெல்ல ஏறிப் பார்க்க அனுமதி கேட்டேன். கொடுத்தார். ஒவ்வொரு நூறு அடிக்கும் நான் சொன்ன எண்ணை அவர் பொறுமையாகத் திருப்பிச் சொன்னார்.